சாவி இல்லாத மூன்று மாதம்

ஆடி மாதம் இரண்டாவது வாரம். விடியற்காலை நாலரை மணிக்குப் பால் வாங்கப் போன எதிர்வீட்டு மாமி வந்து கதவைத் தட்டினார். "உங்க வண்டிக் கதவு திறந்து கிடக்குதும்மா." நைட்டி மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு ஓடினேன். டிரைவர் பக்கத்துக் கதவு முழுசாகத் திறந்திருந்தது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மூடி இரண்டாக உடைந்து கிளட்ச் பெடல் பக்கத்தில் கிடந்தது. மீன் வெட்டுகிற இடத்தில் குடல் கிடக்குமே, அப்படி வயர்கள் சரிந்து தொங்கிக்கொண்டிருந்தன. சாவி இல்லாதபோது ஸ்டீயரிங்கைத் திரும்பவிடாத பூட்டு முறிகிற வரைக்கும் திருடன் அதை இழுத்துத் திருப்பியிருக்கிறான். தொட்டால் லொடலொடவென்று ஆடியது. இரண்டு வயர்களை வெட்டி நுனியைச் சீவி வைத்திருந்தான். மூன்றாவதில் பாதி சீவியிருந்தது. பால் வண்டிச் சத்தமோ தெரு நாயோ, ஏதோ ஒன்று அவனைப் பயமுறுத்தி ஓட வைத்திருக்கிறது.

நங்கநல்லூரில் எங்கள் தெருவில் பாதி வண்டிகள் வெளியில்தான் நிற்கும். இதுவரை யார் வண்டியையும் யாரும் தொட்டதில்லை. ஸ்டேஷனில் புகாருக்கு ரசீதாக சி.எஸ்.ஆர். போட்டுக் கொடுத்தார்கள். எங்களிடம் இருந்தது தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் மட்டும்தான். சொந்த வண்டிக்கு ஆன சேதத்துக்கு அதில் ஒரு ரூபாய் வராது. "வண்டி போகாம இருந்துச்சே, அதுவே பெருசு" என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தத் திருடன் மேல் எனக்கு இன்றைக்கும் பெரிய கோபம் கிடையாது. அதற்குப் பிறகு அந்த வண்டிக்கு நாங்கள் செய்த காரியம்தான் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

வண்டி 1999-இல் அப்பா வாங்கிய மாருதி 800. கார்புரேட்டர் வண்டி. அப்பா ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண் புரை ஆபரேஷனுக்குப் பிறகு ஓட்டுவதை நிறுத்திவிட்டார். ஆனால் வண்டிச் சாவி மட்டும் பூஜை அலமாரிக்குப் பக்கத்து ஆணியில் அவர் கையால்தான் தொங்கும். நான் எடுத்துப்போய் வந்து மேஜையில் வைத்தால், எழுந்துபோய் எடுத்து ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உட்காருவார்.

பட்டன்

மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் சின்னப் பையன். இருபத்தைந்து வயசுக்கு மேல் இருக்காது. சுறுசுறுப்பானவன். உடைந்த லாக்கைப் பார்த்தான், வயர்களைப் பார்த்தான், "மேடம், இதுக்கு லாக் செட்டே மாத்தணும். அது அலைச்சல். பட்டன் போட்டுத் தரேன், அரை மணி நேரம். எத்தனை பேருக்குப் போட்டிருக்கேன் தெரியுமா?" என்றான். எனக்கு அன்று மதியத்துக்குள் அம்மாவை பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. சரி என்றேன். டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு டாகிள் ஸ்விட்ச், அதற்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு அழுத்து பட்டன். ஸ்விட்ச்சைப் போட்டால் இக்னிஷன் வரும், பட்டனை அழுத்தினால் செல்ஃப் அடிக்கும். உடைந்த ஸ்டீயரிங் பூட்டின் நாக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பூட்டை அப்படியே வெறும் கூடாக விட்டுவிட்டான். 450 ரூபாய் வாங்கிக்கொண்டான். வண்டி முதல் அழுத்திலேயே ஸ்டார்ட் ஆனது.

அப்பா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் போனதும் கேட்டார்: "அப்ப சாவி?"

"கதவுக்கு வேணும்ப்பா."

"கதவைத்தான் அவன் ஸ்க்ரூ டிரைவரால திறந்துட்டானே."

நான் பதில் சொல்லவில்லை. அவர் விடவில்லை. "சிக்னல்ல ஒரு வயர் அறுந்தா சிவப்புதான் விழும். ரயில் நிக்கும். தப்பு நடந்தா நிக்கிற மாதிரிதான் நாங்க கட்டுவோம். இதுல தப்பு நடந்தா என்ன ஆகும்னு அவன்கிட்ட கேட்டியா?" நான் அவசரத்தில் இருந்தேன். "ரயில் வேற, கார் வேறப்பா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். அன்றிலிருந்து அவர் அந்தச் சாவியை ஆணியில் மாட்டுவதை விட்டுவிட்டார். அது மேஜை மேலேயே, பழைய கரண்ட் பில்லோடு கிடந்தது.

ஓடுகிறதா, போதும்

எங்கள் வீடுகளில் இது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. ஓடுகிறதா, அப்புறம் என்ன. தண்ணீர் மோட்டார் வயர் அறுந்தால் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி, ஓடுகிறதா என்று பார்ப்போம். தெருவில் விசேஷத்துக்கு மைக் செட் போடுகிறவர் பிளக் இல்லாமல் வெறும் வயரைத் துளைக்குள் விட்டுத் தீக்குச்சியால் இறுக்குவார், பாட்டு பாடும். பாடுகிற வரைக்கும் யாரும் கேள்வி கேட்பதில்லை. காசு இல்லாததுதான் காரணம் என்று நான் நம்பவில்லை. அன்று எனக்கு அலைச்சல்தான் பெரிதாகத் தெரிந்தது. அலைச்சலை மிச்சப்படுத்திக் கொடுப்பவனை நாம் கெட்டிக்காரன் என்கிறோம், அவன் அதற்காக எதைக் கழற்றி எறிந்தான் என்று குனிந்து பார்ப்பதில்லை.

ஐப்பசி மழை தொடங்கியபோது சின்னச் சின்ன மாற்றங்கள் தெரிந்தன. வைப்பர் மெதுவாகப் போனது. ஏ.சி. புளோவரைப் போட்டுக்கொண்டு இண்டிகேட்டரும் போட்டால், இண்டிகேட்டர் இழுத்து இழுத்துத் துடித்தது. கத்திப்பாரா மேம்பாலத்தில் ஒரு நாள் மழையில் நிற்கும்போது உள்ளே ஒரு வாசனை. ரப்பர் செருப்பை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் வருமே, அந்த மாதிரி. வண்டி பழசு, பேட்டரி வீக் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். கண்ணாடியை இறக்கினேன், வாசனை போய்விட்டது.

தீபாவளிக்கு முந்தைய நாள்

தங்கை குடும்பத்தோடு வந்திருந்தாள். அவள் மகனுக்கு ஐந்து வயசு. கடையிலிருந்து வந்து சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தோம். வண்டி கேட்டை நோக்கிச் சரிவில் ஏறி நின்றது. ஹேண்ட் பிரேக் கேபிள் கொஞ்சம் தளர்ச்சி என்பதால் எப்போதும் முதல் கியரில் போட்டுத்தான் நிறுத்துவேன், அன்றும் அப்படித்தான். டாகிள் ஸ்விட்ச்சை அணைத்துவிட்டேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, பிறகு போய்ப் பார்த்தபோதும் அது அணைந்துதான் இருந்தது. கேட்டுக்கு நேராக அம்மா குனிந்து, மழை விட்ட தரையில் கோலத்துக்குக் காவி பூசிக்கொண்டிருந்தாள். காவி தீர்ந்துபோய், டப்பாவை எடுக்க எழுந்து உள்ளே நாலு அடி வைத்தாள்.

குழந்தை டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்ததை நான் பார்க்கவில்லை. கர்ர்ர் என்று செல்ஃப் அடித்த சத்தம்தான் கேட்டது. வண்டி ஒரு தவளைபோல எம்பி முன்னால் பாய்ந்தது. என்ஜின் ஸ்டார்ட் ஆகவே இல்லை. செல்ஃப் மோட்டார் மட்டுமே, முதல் கியரில், வண்டியை இழுத்துக்கொண்டு போனது. காவித் தண்ணீர் வைத்திருந்த பிளாஸ்டிக் வாளி முன் சக்கரத்துக்கு அடியில் போய் நசுங்கியது. சத்தத்துக்குப் பயந்து பையன் கையை எடுத்தான், வண்டி நின்றது. மொத்தம் மூன்றடி இருக்கும். இரண்டு விநாடி இருக்கும். அம்மா திரும்பிப் பார்த்தபோது அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் பம்பர் இருந்தது. காவி தரையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

யாரும் கத்தவில்லை. தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். அம்மா, "வாளி போச்சே" என்றாள், ஏதாவது சொல்ல வேண்டும் என்பதற்காக. எனக்குக் கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆயிற்று. அன்றிரவு எல்லோரும் தூங்கிய பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். நான் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தன் பழைய சிக்னல் கேபின் பற்றிப் பேசினார். லீவர்கள் வரிசையாக நிற்கும். தண்டவாளத்தைத் திருப்பிப் பூட்டாமல் சிக்னல் லீவரை இழுக்க முடியாது, எவ்வளவு பலம் உள்ளவன் இழுத்தாலும் வராது. இன்டர்லாக் என்பார்கள். "கார் சாவியும் அதுதான்மா. லாக்ல இருந்து திருப்பு, அக்ஸஸரி. இன்னும் திருப்பு, ஆன். அதையும் தாண்டி, ஸ்பிரிங்கை எதிர்த்துத் திருப்பினாத்தான் ஸ்டார்ட். கையை விட்டா தானா ஆனுக்குத் திரும்பிடும். ஒண்ணைத் தாண்டித்தான் இன்னொண்ணு. அந்தப் பையன் வரிசையை எடுத்துட்டான். ஸ்டார்ட் மட்டும் தனியா வெளியில நிக்குது, யார் வேணாலும் தொடலாம்."

அவர் பேசப் பேச எனக்கு விஷயம் மெல்ல உறைத்தது. திருடன் செய்ய வந்த வேலை என்ன? பூட்டை உடைத்து, சாவியைச் சுற்றிக்கொண்டு போய், வயரை நேராகச் சேர்ப்பது. அவனுக்கு நேரம் போதவில்லை, பாதியில் விட்டுவிட்டு ஓடினான். மீதிப் பாதியை நான் ஆள் வைத்து, 450 ரூபாய் கூலி கொடுத்து முடித்துக்கொண்டேன். பூட்டு நாக்கைப் பிடுங்கி எறிந்தது எங்கள் ஆள். மூன்று மாதமாக நான் ஓட்டிக்கொண்டிருந்தது, திருடப்பட்ட நிலையில் இருந்த என் சொந்த வண்டியை.

புதுப்பேட்டை

தீபாவளி முடிந்த திங்கட்கிழமை, பெரியப்பா மகன் சொன்ன ஒரு கடையைத் தேடி, அண்ணா சாலையிலிருந்து பிரிந்து கூவத்தைத் தாண்டிப் புதுப்பேட்டைக்குப் போனேன். அந்த இடத்தைப் பற்றிச் சென்னையில் சொல்லாத கதை இல்லை. வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் திரும்பி வரும்போது பார்ட் பார்ட்டாக விற்றுக்கொண்டிருப்பார்கள் என்று சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறேன். கதவுகள், டிக்கிகள், ரேடியேட்டர்கள், கொத்துக் கொத்தாகத் தொங்கும் ஸ்டீயரிங்குகள். எங்கள் தெருவில் அன்றைக்கு அவனுக்கு இன்னும் பத்து நிமிஷம் கிடைத்திருந்தால் எங்கள் வண்டியும் எங்காவது இப்படி இறைந்து கிடந்திருக்கும் என்ற நினைப்போடுதான் போனேன். அந்த நினைப்பு என் முகத்திலும் தெரிந்திருக்க வேண்டும்.

கடைக்காரர் பாய்க்கு அறுபதைத் தாண்டியிருக்கும். வண்டியில் தலையை விட்டுப் பார்த்துவிட்டு முதலில் சொன்னது, "பட்டன் யாரும்மா போட்டது? ஃபியூஸ்கூட இல்லாம நேரா எடுத்திருக்கான்."

நான் சும்மா இருந்திருக்கலாம். "இங்கேயே பழைய லாக் செட் கிடைக்குமா பாய்?" என்று கேட்டேன். பணம் மிச்சமாகும் என்ற எண்ணம்தான்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கதவு பழசு போடுவேன், ரேடியேட்டர் பழசு போடுவேன். லாக் மட்டும் பழசு போட மாட்டேம்மா. அதோட இன்னொரு சாவி எவன்கிட்ட இருக்குன்னு உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? ஜி.பி. ரோடு போ. புதுசு வாங்கு. பில் போட்டு வாங்கு." இக்னிஷன், இரண்டு கதவு, பெட்ரோல் டேங்க் மூடி, எல்லாம் ஒரே சாவிக்கு வருகிற செட்டாகக் கேள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். புதுப்பேட்டையைப் பற்றி நான் கேட்டு வளர்ந்த கதை எதிலும் இப்படி ஒருவர் இல்லை. நான் மட்டும் என்ன, அந்தக் கதைகளை ஒரு தடவையாவது யோசித்துப் பார்த்தேனா?

செட்டோடு நான் திரும்பியபோது அவர் பழைய வேலையைப் பிரித்துப் போட்டிருந்தார். என்னை உட்காரவைத்து ஒரு இடத்தைக் காட்டினார். முறுக்கிச் சேர்த்த இரண்டு வயர், மேலே டேப். டேப் இளகி, பிசின்போலக் கையில் ஒட்டியது. உள்ளே செம்பு கறுத்து, பொரிந்திருந்தது. பக்கத்து வயரின் மேல்தோலும் உருகி இதோடு ஒட்டியிருந்தது. அதுதான் கத்திப்பாராவில் வந்த வாசனை. பாய் கணக்கை வாயாலேயே போட்டார், நான் வீட்டுக்கு வந்து பேப்பரில் போட்டுப் பார்த்தேன். முறுக்கிய இடத்தில் பத்தில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தால் போதும். புளோவர், வைப்பர், மற்றதெல்லாம் சேர்ந்து 20 ஆம்பியர் அந்த வழியாகப் போனால், அந்த ஒரே இடத்தில் 40 வாட் சூடு. ரேடியோ பழுது பார்ப்பவர்கள் ஈயம் உருக்குகிற அயர்ன் 25 வாட்தான். அதைவிட அதிக வாட் சூட்டைக் கக்குகிற ஒன்றை டேப் சுற்றி, முழங்காலுக்கு மேலே மூன்று மாதம் தொங்கவிட்டுக்கொண்டு போயிருக்கிறேன். போதாக்குறைக்கு 12 வோல்ட்டில் 2 வோல்ட் அங்கேயே தின்றுபோய்விடும். வைப்பர் மெதுவாகப் போனதற்கு பேட்டரி மேல் பழி போட்டிருந்தேன். பேட்டரி நன்றாகத்தான் இருந்தது.

வேலை எப்படி நடந்தது என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவு பொறுமையாக நடந்தது. ஒவ்வொரு வயரையும் கறுப்பு விட்டு செம்பு பளிச்சென்று தெரிகிற இடம் வரைக்கும் பின்னால் வெட்டினார். நீளம் குறைந்த இடத்தில் அதே தடிமன், அதே நிறத்தில் புது வயர். நிறம் கிடைக்காத ஒன்றுக்காகப் பையனைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பி, இருபது நிமிஷம் வேலையை நிறுத்திவைத்தார். பழைய ஆள் எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்பு வயர் போட்டிருந்தான். "ஓடும்தானே பாய், நிறம் எதுவா இருந்தா என்ன?" என்று கேட்டேன். "எனக்கு அப்புறம் ஒருத்தன் இதைத் திறப்பான்ல? அவனுக்கு யார் சொல்லுவா, எது எங்க போகுதுன்னு?" நுனிகளில் டெர்மினல் வைத்து, கிரிம்பிங் பிளையரால் அழுத்தி, ஒவ்வொன்றையும் இழுத்து இழுத்துப் பார்த்து கப்ளரில் சொருகினார். ஈயம் வைக்கவில்லை. வண்டி அதிர அதிர, ஈயம் முடிகிற விளிம்பில் வயர் விறைத்துப்போய் முறியும் என்றார்.

ஸ்டீயரிங் பூட்டுக்கு வந்தபோது எனக்குத் தெரியாத ஒன்றைக் காட்டினார். அதைத் தண்டோடு சேர்த்துப் பிடிக்கிற போல்ட்டுகளுக்குத் தலையே இல்லை. வெறும் வட்டமாக, வழவழவென்று இருந்தன. ஸ்பேனர் பிடிக்காது, ஸ்க்ரூ டிரைவர் பிடிக்காது. பஞ்ச்சை ஓரத்தில் வைத்துச் சுத்தியால் டொக் டொக்கென்று தட்டி, ஊசி முனையளவு ஊசி முனையளவாகத் திருப்பித்தான் எடுக்க வேண்டும். அரை மணி நேரம் தட்டினார், குனிந்த இடத்தில் வேர்வை சொட்டியது. புது போல்ட்டுகளுக்குத் தலை இருந்தது. பூட்டைப் பொருத்தி, சாவியைப் போட்டுத் திருப்பி, நாக்கு தண்டில் உள்ள குழிக்குள் சரியாக விழுகிறதா என்று நாலைந்து தடவை பார்த்தார். பிறகு ஸ்பேனரை மாட்டி இறுக்கினார். இறுக்கிக்கொண்டே போனார். நான் போதும் என்று சொல்லப் போனேன், டக் என்று தலை முறிந்து கீழே விழுந்தது. உடைத்துவிட்டாரோ என்று பதறிவிட்டேன். "முறியணும்மா. முறிஞ்சாத்தான் வேலை முடிஞ்சுது. இனிமே திருடன் வந்தாலும் நான் பட்ட பாடு படணும்." அந்தத் தலை என் செருப்புக்குப் பக்கத்தில் உருண்டு வந்து நின்றது. குனிந்து எடுத்தேன். சுண்டு விரல் நகத்தளவு, அறுபட்ட பக்கம் மட்டும் வெள்ளி மாதிரி மின்னியது. இன்னும் என் கைப்பையில் இருக்கிறது.

கடைசியாக புளோவரையும் விளக்கையும் போட்டுவிட்டு மீட்டரை வைத்துக் காட்டினார். பேட்டரியில் 12.4 வோல்ட், ஸ்விட்ச்சில் 12.3. லாக் செட்டோடு சேர்த்து எல்லாம் 4,200 ரூபாய் ஆனது. பகல் முழுக்க ஆனது. சிவப்புப் பட்டனைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "குழந்தைங்க விளையாடக் கொடுத்துடாதே" என்றார். நான் தீபாவளி விஷயத்தை அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

பதினைந்து வருஷம் தாண்டிய வண்டி, ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஆர்.டி.ஓ. ஆபீசில் போய் நிற்க வேண்டிய வண்டி, இதற்கு இவ்வளவு செலவா என்று தங்கை போனில் கேட்டாள். விற்றால் என்ன வரும் என்று எனக்கும் தெரியும். அம்மா நகர்ந்த அந்த நாலு அடியைப் பற்றி அவளிடம் பேச ஆரம்பித்தேன், முடிக்க முடியவில்லை. அவளும் கேட்கவில்லை. அவள் மகன் அதற்குப் பிறகு வண்டியில் ஏற மறுக்கிறானாம். அது தனி வேதனை.

வீட்டுக்கு வர ஏழு மணி ஆகிவிட்டது. அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவை. சாவியைப் போட்டு ஒவ்வொரு நிலையாகத் திருப்பினார். லாக். அக்ஸஸரி. ஆன், சிவப்பு விளக்குகள் எரிந்தன. ஸ்டார்ட்டுக்குப் போகவில்லை. அப்படியே ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து, சாவியை உருவி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் ஆட்டினார். களுக் என்று நாக்கு விழுந்து அசையாமல் நின்றது. இறங்கி, கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். ஆணியில் சாவியை மாட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, கையை நீட்டினார்.

"செட்டுல ரெண்டு சாவி வந்திருக்குமே. இன்னொண்ணு எங்க?"